ஐந்து பேர், எட்டு லைன்: சிறிய இசைக்குழுவுக்கு எந்த மைக் செட்?

எங்கள் குழுவில் ஐந்து பேர். பாடுகிற அக்கா ஒருவர், கிட்டார் வாசித்துக்கொண்டே கூடப் பாடும் தம்பி ஒருவன், வயலின், புல்லாங்குழல், மிருதங்கம். மிருதங்கம் நான். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வரவேற்பு, காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, நூலகக் கூட்டம் என்று வருடத்துக்குப் பதினெட்டு, இருபது நிகழ்ச்சிகள். கேட்க வருகிறவர்கள் 60 பேரும் இருப்பார்கள், 200 பேரும் இருப்பார்கள். ஆறு வருடமாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மைக் செட்டை வாடகைக்குத்தான் எடுத்தோம். ஒரு தடவைக்குச் சராசரியாக 6,000 ரூபாய். போன வருடம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது வாடகை மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இனி சொந்தமாக வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. எதை வாங்குவது என்று முடிவெடுக்க நான்கு மாதம் ஆயிற்று.

அந்த நான்கு மாதத்தில் கேட்டது, இரவல் வாங்கி வாசித்துப் பார்த்தது, தப்பாக மாட்டிக் கெட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். மிருதங்கமோ வயலினோ புல்லாங்குழலோ இருக்கிற, கீபோர்டு இல்லாத சிறு குழுக்களுக்கு இது உதவும். கீபோர்டு, ரிதம் பேட், பேஸ் கிட்டார் வைத்திருக்கும் மெல்லிசைக் குழுவுக்குக் கணக்கே வேறு. அந்த வேறுபாட்டில்தான் நாங்கள் முதலில் தடுமாறினோம்.

மெல்லிசை மேடையில் கீபோர்டும் பேடும் பேஸும் வயர் வழியாக நேராக மிக்ஸருக்குள் போய்விடும். மைக் என்று திறந்திருப்பது பாடுகிறவர்கள் கையில் உள்ள இரண்டோ மூன்றோதான். எங்களிடம் கிட்டாரையும் சுருதிப் பெட்டியையும் தவிர மற்றதெல்லாம் மைக். எங்கள் லைன்களை எண்ணிப் பார்த்தோம்: குரல் இரண்டு, வயலின் ஒன்று, குழல் ஒன்று, மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைக்கும் இடது முகமான தொப்பிக்கும் தனித்தனியாக இரண்டு, கிட்டார் ஒன்று, சுருதி ஒன்று. மொத்தம் எட்டு. அதில் ஆறு, மேடையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் மைக்குகள். ஸ்பீக்கரின் சத்தம் அந்த ஆறில் ஏதோ ஒன்றுக்குள் திரும்பப் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், மறுபடி மைக்குக்கு வந்து சுற்றத் தொடங்கினால் 'கூ' என்று ஊளையிடும். திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஊளை வராமல் எவ்வளவு சத்தம் வைக்கலாமோ அதில் 3 டெசிபல் குறையும். ஒரு மைக் எட்டானால் 9 டெசிபல் போய்விட்டது என்று அர்த்தம்.

கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. அங்கே காதில் விழுவதெல்லாம் வாட்தான். "இது 1,000 வாட் சார், அது 2,000 வாட்." வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது 'கொஞ்சம் ஏறிச்சு போல' என்கிற அளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். ஆனால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் மைக்கை அரைச் சாணுக்கு இழுத்துக்கொண்டால் மைக்குக்குள் போகும் குரல் 6 டெசிபல் ஏறுகிறது. அதே 6 டெசிபலை வாட்டாக வாங்கினால் நான்கு மடங்கு. அப்படி வாங்கியும் பயனில்லை, ஏனென்றால் ஸ்பீக்கரின் முழு வாட்டை எட்டுவதற்கு வெகு முன்னாலேயே மைக் ஊளையிடத் தொடங்கிவிடும். சிறு குழுவுக்கு ஸ்பீக்கரின் பலம் பற்றுவதில்லை என்று நான் பார்த்த மேடை ஒன்றுகூட இல்லை. மைக் எங்கே இருக்கிறது, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் கச்சேரி கெடுகிறது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கீழே உள்ள ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

தூண் ஸ்பீக்கர்

முதலில் எங்களை மயக்கியது இதுதான். ஒல்லியான ஒரு தூண், அடியில் ஒரு பேஸ் பெட்டி. காரின் பின்சீட்டில் வைத்துவிடலாம்; ஐந்து நிமிடத்தில் நிமிர்த்திவிடலாம்; மேடையில் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். 2003இல் போஸ் நிறுவனம் எல்1 என்று கொண்டுவந்ததிலிருந்து இந்த வகை பரவியது. இன்று யமஹா, ஜேபிஎல், எல்டி என்று பலரும் செய்கிறார்கள். இதன் யோசனை அழகானது. சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைச் செங்குத்தாக அடுக்கினால் ஒலி பக்கவாட்டில் அகலமாகப் பரவும், மேலும் கீழும் அதிகம் போகாது. சாதாரணப் பெட்டியிலிருந்து திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல் குறையும். தூணில், அதன் உயரத்தைப் பொறுத்துச் சில மீட்டர் வரைக்கும், 3 டெசிபல் அளவே குறையும். முன்வரிசைக்குக் காது வலிக்காமல் பின்வரிசைக்குக் கேட்கும். கல்யாண மண்டபங்களுக்கு இது பெரிய வரம். மேலே கான்கிரீட், கீழே கிரானைட், மூன்று பக்கம் சுவர், எங்கும் எதிரொலி. கூரைக்கு ஒலியை அனுப்பாத ஸ்பீக்கர் அங்கே சொற்களைக் காப்பாற்றும்.

இன்னொரு யோசனையும் உண்டு. தூணை வாசிப்பவர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டால் சபைக்கும் அதுவே, நமக்கும் அதுவே. வாசிப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள மேடையில் வைக்கும் தனி ஸ்பீக்கர், அதாவது மானிட்டர், வேண்டாம்.

நண்பர் ஒருவரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கி ஒத்திகையில் வைத்துப் பார்த்தோம். அக்காவின் குரலும் கிட்டாரும் மட்டும் இருந்தவரை, நான் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான். குழலைச் சேர்த்தோம், சரி. வயலினைச் சேர்த்தோம், கொஞ்சம் முனகியது. என் மிருதங்க மைக்கைத் திறந்ததும் தொப்பியின் 'தொம்' நிற்காமல் நீண்டுகொண்டே போய் ஊளையாகிவிட்டது. காரணம் எளிது. நாம் பயன்படுத்தும் கார்டியாய்டு மைக் தன் முன்பக்கம் வருவதை நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் வருவதை ஒதுக்கும். பாடுகிறவர் வாயை நோக்கியிருக்கும் மைக்கின் முதுகு சபையைப் பார்க்கிறது. தூணோ பாடுகிறவருக்குப் பின்னால், அதாவது மைக் நன்றாகக் கேட்கும் திசையில் நிற்கிறது. நின்று பாடும் ஒருவருக்கு அவர் உடம்பே கொஞ்சம் மறைப்பாகிறது. நாங்கள் ஜமக்காளத்தில் உட்காருகிறவர்கள். எங்கள் தலைக்கு மேலேயே தூண் எழுந்து நிற்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. தூணை மைக் வரிசைக்கு முன்னால் நகர்த்தினால் ஊளை அடங்கியது, ஆனால் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. தனி மானிட்டர் வேண்டும் என்றானது. அப்புறம் தூணுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எதற்கு?

தூணோடு வரும் மிக்ஸரும் எங்களுக்குப் பற்றவில்லை. போஸ் எல்1 ப்ரோவில் மூன்று சேனல்தான். எங்களுக்கு எட்டு. தனி மிக்ஸர் எப்படியும் வாங்க வேண்டும்.

இருவர், மூவர் குழுவாக இருந்து, கிட்டாரும் குரலும்தான் பிரதானம் என்றால் யோசிக்காமல் தூணை வாங்குங்கள். தோல் வாத்தியம் இருந்தால், வாங்கும் முன் அதை மைக் வைத்து ஒரு மணி நேரமாவது வாசித்துப் பாருங்கள்.

ஸ்டாண்டில் இரண்டு பெட்டி

ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் இரண்டு, இரண்டு ஸ்டாண்டு. பழைய வழிதான். நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

10 இன்ச்சா, 12ஆ, 15ஆ என்பதில் ஊரில் எல்லாரும் 15 என்றுதான் சொல்வார்கள். பெரிய பெட்டி, பெரிய சத்தம் என்ற நம்பிக்கை. நான் 10 என்பேன், மிஞ்சினால் 12. சாதாரணமாக இந்தப் பெட்டிகளில் கீழ் ஒலிகளுக்கு ஒரு பெரிய கோனும் மேல் ஒலிகளுக்கு ஒரு சிறிய ஹாரனும் இருக்கும். 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றின் வேலை முடிந்து மற்றதன் வேலை தொடங்கும். 2,000 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 15 இன்ச் கோனின் அகலம் 38 சென்டிமீட்டர். அலையைவிடக் கோன் அகலமாக இருந்தால் ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகக் குவிந்து போகும். பெட்டிக்கு நேரே உட்கார்ந்தவருக்குப் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கும், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கும். குரலும் வயலினும் உயிரோடு இருப்பது இந்த நடுப்பகுதியில்தான். 10 இன்ச் கோன் அதை இன்னும் சீராகப் பரப்புகிறது. அதில் கிடைக்காதது அடி பேஸ். தொப்பியின் கும்கிக்கு அது எனக்குப் போதுமாக இருக்கிறது. பேஸ் கிட்டார் உள்ளவர்களுக்குப் போதாது. எடையும் ஒரு காரணம். இரண்டாவது மாடி ஹாலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மிக்ஸரும் இரண்டு பெட்டியும் ஒரே செட்டாக வருவதும் உண்டு. யமஹாவின் ஸ்டேஜ்பாஸ் வகை இப்படிப்பட்டது: 400பிடியில் 8 இன்ச், 600பிடியில் 10 இன்ச் பெட்டிகள், பின்பக்கத்தில் கழற்றி எடுக்கும் மிக்ஸர். பள்ளிக்கூடத்துக்கும் பஜனை மடத்துக்கும் மிக நல்ல பொருள். 600பிடியின் மேல் 10 சேனல் என்று போட்டிருந்தாலும் மைக் மாட்டக்கூடியவை நான்குதான்; மீதி எல்லாம் கீபோர்டு, போன் போன்ற ஸ்டீரியோ லைன்களுக்கு. இந்த எண்ணிக்கையில் ஏமாறாதவர்கள் குறைவு. எந்த மிக்ஸரையும் வாங்கும் முன் மைக் கேபிள் நுழையும் எக்ஸ்எல்ஆர் ஓட்டைகளை விரல் வைத்து எண்ணுங்கள்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆம்ப், தனிப் பெட்டி என்பது நம் ஊரின் தாய்வழிச் சொத்து. 1940இலிருந்து இருக்கும் அஹூஜாவின் ஆம்பும் ஹாரனும் இல்லாத கோயில் திருவிழா ஏது? தெரு நீளத்துக்கு ஹாரன் கட்ட வேண்டுமானால் 100 வோல்ட் லைனில் ஓடும் அந்த அமைப்புக்கு நிகரில்லை. அறிவிப்புக்கும் சொற்பொழிவுக்கும் அது போதும். வயலினுக்குப் போதாது.

பேட்டரியில் ஓடும் பெட்டி இன்னொன்று. ரோலண்டின் க்யூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் எட்டு பென்சில் பேட்டரியில் ஓடும்; போஸின் எஸ்1 ப்ரோவைச் சார்ஜ் செய்துகொள்ளலாம். பூங்கா, மொட்டை மாடி, ஆற்றங்கரை இவற்றுக்கு இருவர் போய் வாசிக்க அருமையானது. ஐந்து பேருக்குத் தாங்காது. மொட்டை மாடி என்றதும் ஒன்று: ஒலி மாசு விதிகள் 2000இன்படி, மூடிய அரங்குக்கு வெளியே இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது, பகலிலும் முன்அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். மார்கழியில் விடியற்காலை வீதி பஜனைக்கு நாங்கள் எந்தப் பெட்டியும் எடுத்துப்போவதில்லை. ஜால்ராவும் தொண்டையும்தான். எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த முப்பது காலைகள் அவை.

வாடகையை விட்டுவிடலாமா?

முழுக்க விடக்கூடாது என்பது என் கருத்து. 200 பேருக்கு மேல் போனால், அதுவும் திறந்தவெளியில், இரண்டு 10 இன்ச் பெட்டி திணறும். அதற்காகப் பெரிய பெட்டிகளை வாங்கி வீட்டு வராந்தாவில் வருடம் முழுக்க அடுக்கிவைப்பது வீண்.

வாடகையில் எங்களுக்கு இருந்த குறை ஸ்பீக்கரில் இல்லை. ஒரு வரவேற்பில் ஐந்து பேருக்கு நான்கு மைக் வந்தது. வயலின்காரர் புல்லாங்குழலின் மைக்கில் பங்கு கேட்டு வாசித்தார். இன்னொன்றில் எல்லாச் சேனலுக்கும் எக்கோ ஏற்றியிருந்ததால் நான் அடித்த ஒவ்வொரு 'நம்'மும் இரண்டாகக் கேட்டது. மைக்கும் மிக்ஸரும் ஒவ்வொரு நாளும் வேறு. நேற்று சரிசெய்த சத்தம் இன்று கிடையாது. அந்தத் தொழில் செய்கிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. பாக்ஸை எப்போதும் மைக்குக்கு முன்னால் ஒரு எட்டு தள்ளி வை, உள்பக்கம் திருப்பாதே என்று எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் எங்கள் பகுதி சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவர்தான். ஆனால் அவர் செட் மெல்லிசைக்கென்று அமைந்தது.

ஆகவே நாங்கள் கண்டுபிடித்த நடுவழி இது. மைக், கிட்டாரை மைக் கேபிள் வழியே மிக்ஸருக்குக் கொண்டுபோகும் டி.ஐ. பாக்ஸ், மிக்ஸர் மூன்றும் எங்களுடையது. எல்லா நிகழ்ச்சிக்கும் அதுவே போகும். சிறிய ஹாலுக்கு எங்கள் பெட்டிகள். பெரிய இடத்தில் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு எங்கள் மிக்ஸரிலிருந்து இடது, வலது என்று இரண்டே இரண்டு லைன் கொடுத்துவிடுவோம். அவர் அதைத் தன் மிக்ஸரில் மைக் அளவில் வாங்காமல் லைன் அளவில் வாங்க வேண்டும், பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை நடுவில் வைக்க வேண்டும், முக்கியமாக அந்த இரண்டு சேனலில் சில வகை மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் மிக்ஸரின் அவுட்புட்டுக்குள் மின்சாரம் திரும்பி வரும். இந்த மூன்றையும் முன்கூட்டியே போனில் பேசிவிடுவது நல்லது. மேடையில் கூட்டத்துக்கு முன் சொன்னால் அவருக்கு மனம் நோகும்.

எங்கள் பணத்தை நான்கு பங்காகப் பிரித்தால் ஒன்றரைப் பங்குதான் பெட்டிகளுக்குப் போனது. கடைக்காரருக்கு அதில் உடன்பாடில்லை.

மிக்ஸர்: குமிழா, டேப்லெட்டா?

இதில்தான் குழுவுக்குள் சண்டை வந்தது. கிட்டார் தம்பி டிஜிட்டல் என்றான். வயலின் மாமா, "கையால திருகுறது கண்ணுக்குத் தெரியணும்டா" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அனலாக்கில் யமஹா எம்ஜி10எக்ஸ்யூ எங்கும் கிடைக்கும், உழைக்கும். ஆனால் மைக் நான்குதான். எம்ஜி12எக்ஸ்யூவில் ஆறு. மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்று நான் விட்டுக்கொடுத்தால் குரல் இரண்டு, வயலின், குழல், மிருதங்கம், கிட்டார் என்று ஆறும் நிரம்பிவிடும். சுருதி ஒரு ஸ்டீரியோ லைனுக்குப் போகும். மட்டுமட்டாக அடங்கும். விருந்தாளியாக ஒரு கடம் வந்து உட்கார்ந்தால் இடமில்லை.

டிஜிட்டலில் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18. ஒரு கனமான டிக்‌ஷனரி அளவு பெட்டி, 16 மைக் உள்ளீடு, மானிட்டருக்குத் தனித்தனியாக ஆறு வெளியீடு, எல்லாச் சேனலுக்கும் ஈக்யூ. பெட்டியின் மேல் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் டேப்லெட்டில். எனக்கு இதில் மதிப்பாகப் பட்டவை இரண்டு. ஒன்று, நேற்றைய அமைப்பைச் சேமித்துவைத்து இன்று திறக்கலாம். சொந்த மைக், சொந்த மிக்ஸர், அதே இடைவெளி என்றால் பாதி வேலை மாட்டும்போதே முடிந்துவிட்டது. இரண்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து கேட்டுச் சரிசெய்யலாம். மேடையில் இருந்துகொண்டு சபைக்கு எப்படிக் கேட்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவின் கணவர் இப்போது அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

இரண்டு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் வைஃபையை நம்பாதீர்கள். ஒத்திகையில் அற்புதமாக வேலை செய்யும். 150 பேர் போனோடு வந்து உட்கார்ந்ததும் டேப்லெட் தொடர்பு அறுந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் தனி ரௌட்டர் ஒன்றை வயரால் மிக்ஸரோடு இணைத்துவிடுங்கள். அடுத்தது கரண்ட். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற சில வினாடிதான் ஆகும். அனலாக் மிக்ஸர் உடனே பேசும், டிஜிட்டல் மிக்ஸர் கம்ப்யூட்டர்போல மறுபடி விழித்தெழ வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் மிக்ஸரையும் ரௌட்டரையும் மட்டும் மாட்டிவிட்டோம். ஸ்பீக்கரை அதில் மாட்டக்கூடாது.

கடைசியில் எக்ஸ்ஆர்18தான் வாங்கினோம். கூட ஆள் இல்லாத குழு என்றால் வயலின் மாமா சொன்னதுபோல அனலாக்கே மேல்.

மைக்கும் அதன் இடமும்

குரலுக்கு ஷூர் எஸ்எம்58. 1966இல் வந்தது, இன்னும் மேடை மேடையாக நிற்கிறது. போலிகள் ஏராளம், பில் தருகிற கடையில் வாங்குங்கள். பாடும்போது அதன் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக்கூடாது. அந்தக் கூண்டின் பின்பக்கத் திறப்புகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கிவிடும், உடனே ஊளைதான்.

மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் அதன் ஓராண்டு மூத்த எஸ்எம்57. வலந்தலையில் மைக்கை விளிம்பை நோக்கிச் சாய்த்து நான்கு விரல் கட்டை அளவு தள்ளி வைக்கிறேன். விளிம்புத் தோலான மீட்டின் ஓசை தெளிவாக வரும். நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணையை நேராகப் பார்த்தால் ஓசை மொத்தையாகிறது. தொப்பியின் மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, சத்தத்தைக் குறைத்தே வைக்கிறேன், ஏனென்றால் கார்டியாய்டு மைக் நெருங்கினால் பேஸ் தானாகவே பெருகும். வயலினுக்கு உட்கார்ந்து வாசிப்பவரின் முன்னால், குதிரைக்கு மேலே ஒரு சாண். நெருக்கினால் வில்லின் உராய்வு கேட்கும். குழலுக்கு வாய்த்துளைக்கு நேரே வைத்தால் காற்றுதான் வரும். கொஞ்சம் மேலே, விரல்துளைகளின் பக்கமாக நகர்த்த வேண்டும்.

கிட்டாரின் அதிர்வைப் பிடிக்கும் பீசோ பிக்கப்பை நேராக மைக் கேபிளில் கொண்டுபோனாலோ, ஆம்ப் இல்லாத பாஸிவ் டி.ஐ. பாக்ஸில் மாட்டினாலோ ஒலி தகர டப்பாபோல மெலிந்துவிடும். பீசோவுக்கு ஒரு மெகாஓம் அளவு உள்ளீடு வேண்டும், ஆக்டிவ் டி.ஐ. அதைத் தரும். கிட்டாரிலேயே பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் இருந்தால் பாஸிவ் போதும்.

மாட்டும் வரிசை

இங்கே நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்லியாக வேண்டும். சொந்த செட்டோடு முதல் நிகழ்ச்சி. சுருதிக்குப் போனில் தம்புரா ஆப். போனின் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையிலிருந்து ஒரு கேபிள் வழியாக மிக்ஸரின் ஒற்றைச் சேனலுக்குக் கொடுத்தோம். சத்தமே இல்லை. கேபிளை மாற்றினோம், போனை மாற்றினோம், சேனலை மாற்றினோம். ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை. கடைசியில் அக்கா பாட்டை வாயால் ஸா பிடித்துத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. மிக்ஸரின் பேலன்ஸ்டு உள்ளீடு இரண்டு வயரில் வருவதைக் கூட்டாது; ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் ஒட்டிய இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரேமாதிரி இருப்பதால் கழித்ததும் மறைந்துவிடும். மைக் கேபிள் 30 மீட்டர் ஓடினாலும் சுத்தமாக இருப்பது இதனால்தான். போனிலிருந்து வருவதோ இடது, வலது. தம்புரா ஆப்பில் இரண்டும் ஒன்றே. ஒன்றிலிருந்து அதையே கழித்தால் சுழி. கேபிள் பழுதில்லை, போன் பழுதில்லை, எல்லாம் தன் வேலையைச் சரியாகச் செய்து சுருதியை அழித்துவிட்டன. இப்போது இடது, வலது என்று இரண்டாகப் பிரியும் கேபிள் வைத்திருக்கிறோம். அதில் ஒரு காலை மட்டும் மாட்டினால் போதும்.

கரண்ட் எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பாயிண்டிலிருந்து எடுக்கிறோம். மிக்ஸர் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் எதிர்ச்சுவரிலும் மாட்டினால் இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாக வரும். அதை நிறுத்த ப்ளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வியர்த்த கையோடு கிட்டார் கம்பியைப் பிடித்தபடி உதட்டால் மைக்கைத் தொடுகிறவர் உயிரோடு விளையாடுவது அது. ரீங்காரம் வந்தால் டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் தரைத்தொடர்பை மட்டும் துண்டிக்கும், மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது. மேடையில் எர்த் இருக்கிறதா என்று ஒரு சாக்கெட் டெஸ்டரால் பார்த்த பிறகுதான் நாங்கள் எதையும் மாட்டுகிறோம்.

பெட்டிகள் மைக் வரிசைக்கு ஒரு மீட்டராவது முன்னால், ஹாரன் உட்கார்ந்திருக்கும் சபையின் தலைக்கு மேலே. மானிட்டர் ஒன்றே ஒன்று, அக்காவின் மைக்குக்கு நேர் முதுகில், தரையில். அதில் குரலும் சுருதியும் மட்டும். கார்டியாய்டைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் வைத்திருப்பவர்கள் மானிட்டரை நேர் முதுகில் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அந்த வகை மைக்கின் செவிடான இடம் முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 125 டிகிரியில் இருக்கிறது.

பிறகு மிக்ஸரை முதலில் போட்டு, ஸ்பீக்கரைக் கடைசியில் போடுவோம். 'மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று முணுமுணுத்துக் கெயின், அதாவது மைக்கில் வருவதை மிக்ஸர் எவ்வளவு பெருக்குவது என்ற அளவை, வைப்பதில் பயனில்லை. அன்று பாடப்போகும் பாட்டின் உச்சத்தைப் பாடச் சொல்லித்தான் வைக்க வேண்டும். தொப்பியைத் தவிர மற்ற எல்லாச் சேனலிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறோம். ஃபேன் காற்று, மேடைப் பலகையின் அதிர்வு, கால் தட்டும் ஒலி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வெட்டியதும் மண்டபத்தின் பாதி மூட்டம் விலகியதுபோல இருக்கும். அதன்பின் சத்தத்தை மெல்ல ஏற்றி, முதல் ஊளை எந்த இடத்தில் எழுகிறதோ அந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக மூன்று, நான்கு டெசிபல் குறைத்து, அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கி நின்றுகொள்வோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் அணைவது ஸ்பீக்கர், கடைசியில் மிக்ஸர். மாற்றிச் செய்தால் 'டப்' என்று ஓர் அடி ஹாரனுக்குள் இறங்கும். கேபிளை முழங்கையில் சுற்றாமல் வளையம் வளையமாக மடித்து வைக்கிறோம். சாவடியில் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி போன மாதம் எங்களிடம் வந்து, "மைக்கே வெக்கல போல இருந்துச்சுப்பா, ஆனா எல்லாம் கேட்டுச்சு" என்றார். அன்று பெட்டிகளில் ஒலியளவு பாதிக்கும் கீழேதான் இருந்தது.